சிவனொளிபாத மலைக்குப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

ஆறு தரம் ஏறியிருக்கிறேன் என்று வாய் தவறிச் சொன்னதால் இத்தனை கேள்விகள். சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து எப்படிப் போவது, எப்போது போவது?

பதில்: கண்டி பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து ஹட்டன், பிறகு மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி. டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே மாத வெசாக் வரைதான் பருவம், மற்ற நாட்களில் படிகளில் விளக்கும் இராது, பிளேன்ரீக் கடையும் இராது, மழையும் அட்டையும்தான். போயா நாளைத் தவிருங்கள். ஒருமுறை தெரியாமல் போய், கடைசிப் படிகளில் நெரிசலில் நின்றபடியே எனக்கு விடிந்தது.

கேள்வி: அண்ணை, அம்மாவுக்கு 62 வயது, முழங்கால் நோ. ஏலுமா?

பதில்: மருத்துவர் ஓமென்றால் ஏலும் தங்கச்சி. 5,000 படிக்கு மேல் இருக்கிறது. மற்றவர்கள் இரவு 2 மணியளவில் தொடங்குவார்கள், நீங்கள் 10 மணிக்கே வெளிக்கிட்டு, கடைக்குக் கடை இருந்து போங்கள். இறங்கும்போதுதான் முழங்கால் கெஞ்சும், ஊன்றுதடி கட்டாயம்.

கேள்வி: இலங்கையிலேயே உயரமான மலை இதுதானே?

பதில்: இல்லை. இது 2,243 மீற்றர், பிதுருதலாகலை 2,524.

கேள்வி: எங்கள் ஊருக்கும் அந்த மலைக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

பதில்: நல்ல கேள்வி! 1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா புத்தளம் பக்கம் கரையிறங்கியபோது அவரை வரவேற்றது யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திதான். மலை உச்சியில் இருக்கும் பாதச் சுவட்டைத் தரிசிக்க வேண்டும் என்று அவர் கேட்க, அரசன் பல்லக்கும், வருடாவருடம் மலைக்குப் போய்வரும் நான்கு யோகிகளும், சுமைகாரர்களும் கொடுத்து அனுப்பினானாம். மலையில் பிடித்து ஏறும் சங்கிலிகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார், அட்டை கடித்தால் எலுமிச்சம் புளி பிழிவார்கள் என்றும் எழுதியிருக்கிறார். நான் இன்றும் பையில் இரண்டு தேசிக்காய் வைத்துத்தான் போகிறேன்.

கேள்வி: உச்சியில் என்ன பார்ப்பது?

பதில்: எல்லோரும் கிழக்கே சூரியனைப் படமெடுக்க, நீங்கள் மேற்கே திரும்புங்கள். மலையின் நிழல் முக்கோணமாகப் பனிமூட்டத்தின்மேல் விழுந்து கிடக்கும், வெயில் ஏற ஏற அடிவாரத்தை நோக்கிச் சுருங்கி வரும், கொஞ்ச நேரத்தில் போய்விடும். இறங்கும் வழியில் காட்டுக்கு நடுவே மவுசாக்கலை நீர்த்தேக்கம் தெரியும். பழைய மஸ்கெலியா அதற்குள்தான் மூழ்கிக் கிடக்கிறது, தண்ணீர் வற்றினால் கோயில் தலைகாட்டும். அப்புறம் உச்சியில் ஒரு மணி இருக்கிறது, எத்தனையாவது தரம் ஏறுகிறீர்களோ அத்தனை தரம் அடிக்க வேண்டும்.

கேள்வி: குளிருமா?

பதில்: வியர்த்த முதுகோடு மேலே போய் இருந்து பாருங்கள். மாற்றுச் சட்டை ஒன்று, சுவெற்றர் ஒன்று.