வில் பிடிக்கும் கை மேடையில் நடுங்கினால்

வணக்கம். வீட்டில் சீராக ஓடும் வயலின் வில், மயிலாப்பூர் சபா மேடையில் கச்சேரித் தொடக்கத்தில் வாசிக்கும் வர்ணத்தின் மெதுவான முதல் காலத்திலேயே நடுங்குகிறது என்றும், இந்த மார்கழிக் கச்சேரிக்கு முன் தோழி தந்த புரோப்ரனலால் மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மருத்துவரைப் பார்க்காமல் அதைத் தொடவே வேண்டாம். அது இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தானது.

நீங்கள் அஞ்சுவதுபோல் இந்த நடுக்கத்துக்குக் காரணம் பயிற்சிக் குறைவு அன்று. ஆபத்து என்று மூளை கருதியதும் சுரக்கும் அட்ரினலின், இதயத்தை விரைவுபடுத்தி, தசைகளை இறுக்கி, விரல்களைச் சில்லிடச் செய்கிறது; நீண்ட, மெதுவான வில்வீச்சில்தான் அந்த நடுக்கம் காதில் விழும், துரிதத்தில் (வேகமான காலத்தில்) பெரும்பாலும் மறைந்துவிடும். ஆகவே கைக்கு நன்கு பழகிய, சற்றே விறுவிறுப்பான உருப்படியில் தொடங்குங்கள். அதற்கு முன் வலது தோளைத் தளர்த்தி, மூச்சை இழுப்பதைவிட நீளமாக வெளிவிடுங்கள். 'பதறாதே' என்று மனத்தை அதட்டிப் பயனில்லை; பதற்றத்தை உற்சாகமாக எடுத்துக்கொள்ளுங்கள்: அமெரிக்க ஆய்வாளர் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பாடுவதற்கு முன் 'உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொன்னவர்கள், 'பதற்றமாக இருக்கிறேன்' என்றவர்களைவிடத் துல்லியமாகப் பாடினார்கள்.

தனியறைப் பயிற்சி மட்டும் போதாது. தெருக்கோயிலிலோ தெரிந்தவர் வீட்டுக் கூடத்திலோ, மேடைக்கு உடுத்தும் புடவையிலேயே, தவறினாலும் நிறுத்தாமல் முழுக் கச்சேரியையும் வாசியுங்கள். தூக்கம் கெட்டு, மேடையையே தவிர்க்கத் தோன்றினால், தயங்காமல் மனநல மருத்துவரைச் சந்தியுங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் வெளிநோயாளிப் பிரிவு உண்டு.