நதாலியா கின்ஸ்பர்க்: நாவலைப் பாதியில் விடலாமா?
நாற்பது பக்கம் தாண்டியும் கதை நகரவில்லை, பெயர்கள்தான் குவிகின்றன, இத்தாலிய எழுத்தாளர் நதாலியா கின்ஸ்பர்க்கின் 'குடும்ப அகராதி' நாவலை மூடிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மூடிவிடாதீர்கள். முதலில் அவருடைய 'அப்ருஸோவில் குளிர்காலம்' படியுங்கள், சில பக்கக் கட்டுரைதான். பாசிச அரசு கணவர் லியோனேயை அப்ருஸோ பகுதியின் தொலைதூரக் கிராமத்துக்கு அனுப்பியபோது நதாலியாவும் பிள்ளைகளோடு போனார். பச்சைக் கணப்படுப்பு, கூரையில் வரைந்த கழுகு, ஊர்க்காரர்களின் பேச்சு என்று நிதானமாகப் போகும். கடைசியில், ரோமின் ரெஜினா செலி சிறையில் லியோனே இறந்ததை ஒரே வரியில் சொல்வார். அது நடந்தது 1944இல். எனக்கு அந்த இடத்தில் நெஞ்சு அடைத்துவிட்டது.

பிறகு நாவலுக்குத் திரும்புங்கள். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. கதையில் வரும் அப்பா போடும் சத்தத்தையும், அந்த வீட்டில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியங்களையும் மட்டும் காதில் வாங்குங்கள். 1963இல் இத்தாலியின் ஸ்ட்ரேகா இலக்கியப் பரிசு பெற்ற நாவல் அது. போர் வந்ததும் அதே வாக்கியங்கள் எவ்வளவு கனக்கின்றன என்று பாருங்கள்.