நியூட் குஞ்சுத் தொட்டியில் ஓடுவது என்ன?

கேள்வி: ஜப்பானில் வசிக்கிறேன். செவ்வயிற்று நியூட் (தவளைபோல நீரிலும் நிலத்திலும் வாழும், வாலுள்ள உயிர்) முட்டைகள் பொரித்து, குஞ்சுகள் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டன. குளத்திலிருந்து டாப்னியா (நீர்த்தெள்ளு) பிடித்துப் போட்டபின், தண்ணீரில் வெள்ளைப் புள்ளிகள் வெட்டி வெட்டி ஓடுகின்றன. கண்ணாடியில் நூல்நூலாக ஏதோ ஒட்டியிருக்கிறது. எல்லாவற்றையும் கொட்டிவிடவா?

பதில்: புள்ளிகள் இருக்கட்டும், அந்த நூலை முதலில் கவனியுங்கள். இரவில் விளக்கணைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்து, 10 மடங்கு லென்ஸால் பாருங்கள். ஒருமுனை ஒட்டியிருக்க, மறுமுனையில் மெல்லிய கைகள் விரிந்திருந்து, பல்குச்சியால் தொட்டதும் உருண்டையாகச் சுருங்கினால் அது ஹைட்ரா. கைகளில் கொட்டும் செல்கள் உண்டு. பெருகிவிட்டால் சின்னக் குஞ்சுகளுக்கு ஆபத்து, உணவுக்கும் போட்டி. ஆர்ட்டீமியா (இரையாகப் போடும் உப்புநீர்ச் சிற்றிறால்) குஞ்சுகளை அதிகம் போடும் தொட்டியில் ஹைட்ரா கொழிக்கும்.

அதைச் சுரண்டாதீர்கள். துண்டானாலும் அது மீண்டும் முழு உயிராகிவிடும். நியூட் குஞ்சுகள் இருக்கும் நீரில் தாமிர மருந்தோ, புழுமருந்தோ கூடவே கூடாது. தோலும் செவுள்களும் அதைத் தாங்காது. குஞ்சுகளை மாற்றுவதே வழி: குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையிலுள்ள நீரைப் புதுப் பெட்டியில் ஊற்றி, வலையால் அள்ளாமல் கரண்டியால் நீரோடு எடுத்து மாற்றுங்கள். பழைய செடியையோ கூழாங்கல்லையோ கூடவே கொண்டுபோனால் ஹைட்ராவும் வந்துவிடும். காலித் தொட்டியை நன்றாகக் கழுவி, முழுதாகக் காயவிடுங்கள்.

வெட்டி வெட்டி ஓடுபவை பெரும்பாலும் சைக்ளாப்ஸ் என்ற, இறால் வகையைச் சேர்ந்த நுண்ணுயிர்கள். பெண்ணுக்கு வாலோரம் இரண்டு முட்டைப்பை தொங்கும். குஞ்சுகளுக்கு அது இரை, விட்டுவிடலாம். அடியில் விதைபோல ஊர்ந்தால் ஆஸ்ட்ரகாட் என்ற ஓடுள்ள சிற்றுயிர்; கெடுதல் இல்லை. நெளியும் மெல்லிய வெள்ளைப் புழுக்கள் மீந்த உணவின் அடையாளம்: உணவைக் குறைத்து, அடியை உறிஞ்சியெடுங்கள். முக்கோணத் தலையும் இரு கண்புள்ளியும் உள்ள தட்டைப் புழு கண்ணாடியில் வழுக்கிச் சென்றால் பிளனேரியா. அது முட்டைகளைத் தின்னக்கூடும். இரவில் சிறு இறைச்சித் துண்டு வைத்து, மொய்த்தவற்றை அப்படியே வெளியே எடுக்கலாம்.

குளத்து இரையோடு வரும் உண்மையான எமன் தும்பிக் குஞ்சு. ஒன்று போதும், பல குஞ்சுகள் காணாமல் போகும். இனி டாப்னியாவை வெள்ளைத் தட்டில் கொட்டி, பார்த்துப் பொறுக்கிய பிறகே தொட்டியில் விடுங்கள்.

கேள்வி: பொரித்த குஞ்சின் கன்னத்தருகே இருபுறமும் குச்சிபோல நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒட்டுண்ணியா?

பதில்: இல்லை, பிடுங்கிவிடாதீர்கள். குஞ்சு அடியில் விழாமல் ஊன்றி நிற்க உதவும் உறுப்பு அது. முன்கால்கள் வளரும்போது தானாக மறைந்துவிடும்.