ஆறாம் பிரிவில் ஒரு வினைச்சொல்

அன்புள்ள அக்காவுக்கு,

2023-ல் நம் தென்னாப்பிரிக்காவின் அரசியலமைப்பையே திருத்திச் சைகை மொழியைப் பன்னிரண்டாவது ஆட்சிமொழி ஆக்கினார்கள். 1860-லேயே கப்பலில் வந்து இறங்கிய நாம் தமிழுக்கு ஏன் அதைக் கேட்கக் கூடாது? கோயில் கமிட்டியில் கையெழுத்து வாங்கி மனு அனுப்பலாம் என்று இருக்கிறோம். நீங்கள் எழுதித் தருவீர்களா?

ஒரு வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

அன்புள்ள தம்பிக்கு,

மனு எழுதுவது பெரிய வேலையில்லை. அதற்கு முன்னால் கமிட்டிக்காரர்கள் எல்லோரும் அரசியலமைப்பில் மொழிகளைப் பற்றிய ஆறாம் பிரிவை ஒருதடவை படித்துவிடுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் இருக்காது. தமிழ் அதில் 1996-லிருந்தே இருக்கிறது. குஜராத்தி, இந்தி, தெலுங்கு, உருது, அப்புறம் ஜெர்மன், கிரேக்கம், போர்ச்சுகீசு எல்லாவற்றோடும் சேர்த்துப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். (அரபு, ஹீப்ரு, சமஸ்கிருதம் எல்லாம் சமயத்துக்கான மொழிகள் என்று அடுத்த வரியில் வருகின்றன. நம்மை அங்கே தள்ளாமல் ஜனங்கள் புழங்குகிற மொழிகளோடு வைத்தார்களே என்று எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.)

விஷயம் வினைச்சொல்லில் இருக்கிறது. ஆட்சிமொழிகளையும், பூர்வகுடிகளின் கோய், நாமா, சான் மொழிகளையும் இந்த நாட்டு மொழிகளுக்கென்றே உள்ள மொழி வாரியம் வளர்க்க வேண்டும், அவை புழங்க வழிசெய்ய வேண்டும் என்பது ஒரு வரி. தமிழ் இருக்கிற வரியில் அந்த வளர்ச்சியும் இல்லை, புழக்கமும் இல்லை; அவற்றுக்கு உரிய மதிப்புக் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வாசலுக்கு வந்த விருந்தாளியை மதிக்கிறோம், வீட்டுப் பிள்ளையைத்தான் வளர்க்கிறோம்.

சரி, திருத்தத்துக்கு வருகிறேன். மசோதாவை அறிமுகப்படுத்த 30 நாளாவது இருக்கும்போதே கெஜட்டில் போட்டு மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். அப்புறம் நாடாளுமன்றத்தில் 400 பேர் உள்ள தேசிய சபையில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 267 ஓட்டு வேண்டும். அன்றைய ஆளுங்கட்சிக்கே இது கிடைக்கவில்லை. நஷ்டஈடு இல்லாமல் நிலத்தை எடுக்க 25-ஆம் பிரிவைத் திருத்தப் பார்த்து, 2021 டிசம்பரில் 204 ஓட்டோடு தோற்றார்கள். அதற்குப் பதினெட்டாவது திருத்தம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது விழுந்ததால் காலியான அந்த எண்ணைத்தான் பிறகு சைகை மொழித் திருத்தம் எடுத்துக்கொண்டது.

ஓட்டு மட்டும் கிடைத்தாலும் போதாது. மட்டாட்டியேலே பகுதியை நம் குவாசுலு-நட்டால் மாகாணத்திலிருந்து பக்கத்துக் கிழக்கு கேப் மாகாணத்துக்கு மாற்றிய பன்னிரண்டாவது திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறித்தான் இருந்தது, ஆனால் நம் மாகாணச் சட்டமன்றம் அந்த ஊர்க்காரர்களைக் கேட்கவே இல்லை என்று 2006-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த மாற்றத்தைச் செல்லாது என்றது. பிறகு கேட்டார்கள். கேட்டுவிட்டு மறுபடியும் அங்கேயே மாற்றினார்கள், அது வேறு கதை.

சைகை மொழிக்காரர்கள் 2023-ல் திடீரென்று மனுவோடு வந்து நின்றவர்கள் இல்லை. பள்ளியில் படிப்பதைப் பொறுத்தவரை அதற்கு ஆட்சிமொழித் தகுதி உண்டு என்று 1996 பள்ளிச் சட்டமே சொல்லிவிட்டது. வகுப்பறையில் இருந்தது, பாடத்திட்டம் வந்தது, 2018-ல் பிள்ளைகள் மெட்ரிக் என்கிற பள்ளி இறுதித் தேர்வில் அதைத் தாய்மொழிப் பாடமாக எழுதினார்கள். திருத்தம் கடைசியில் வந்தது. நாம் அதை முதலில் கேட்கிறோம். ஆட்சிமொழியானால் லாபம் இல்லை என்று சொல்ல மாட்டேன்: அரசுப் பள்ளியில் அந்த மொழியிலேயே படிப்பைக் கேட்கிற உரிமை வரும், முடிந்த அளவுக்கு என்ற நிபந்தனையோடு. ஆனால் கேட்கப் பிள்ளைகள் எங்கே? தமிழை விருப்பப் பாடமாக எடுக்கலாமே, உங்கள் கமிட்டிக்காரர்கள் வீட்டில் எத்தனை பேர் எடுத்தார்கள்?

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கோய், நாமா, சான் மொழிகள் இந்த மண்ணில் நமக்கெல்லாம் எத்தனையோ காலம் முந்தியவை, ‘வளர்க்க வேண்டும்’ என்ற வரியிலேயே இருப்பவை, இன்னும் ஆட்சிமொழி ஆகவில்லை. 1860 என்று சொல்லி அவர்களைத் தாண்டி வரிசையில் நிற்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அதனால் இப்போதைக்குத் திருத்த மனு வேண்டாம். மொழி வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன்: ஆறாம் பிரிவு சொல்கிற அந்த மதிப்புக்காகத் தமிழ் விஷயத்தில் இதுவரை என்ன செய்தீர்கள், வருஷவாரியாகச் சொல்லுங்கள் என்று. இதற்கு 267 பேர் தேவையில்லை, ஒரு தபால்தலை போதும். கமிட்டி கூடுகிற நாளைச் சொல்லுங்கள், நானே கொண்டுவருகிறேன். அன்றைக்காவது கூட்டக் குறிப்பை இங்கிலீஷில் எழுதாமல் இருங்கள்.

அன்புடன்,
அக்கா