சார்ட்டை எந்த மூலையிலிருந்து படிப்பது?

கேள்வி: விமானி பயிற்சியில் இருக்கிறேன். விடுமுறைக்குத் தங்கச்சிமடம் வந்திருக்கிறேன். இன்ஸ்ட்ருமென்ட் அப்ரோச் சார்ட்டை (கருவிகளைப் பார்த்தே ஓடுபாதைக்கு இறங்க உதவும் வரைபடம்) விரித்தாலே கண்ணைக் கட்டுகிறது. டி.ஏ. (முடிவெடுக்கும் உயரம்), எம்.டி.ஏ. (இறங்கக்கூடிய குறைந்தபட்ச உயரம்) இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. வீட்டிலிருந்தே எப்படிப் பழகுவது?

பதில்: பலரும் சார்ட்டின் நடுவில் இருக்கும் படத்தில்தான் முதலில் கண்ணை வைக்கிறார்கள். கண் கட்டுவது அங்கேதான். விமான நிலையம், ஓடுபாதை எண், தேதி மூன்றும் சரியா என்று பார்த்ததும் (28 நாள் சுழற்சியில் திருத்தங்கள் வரும்) நேராக மினிமா கட்டத்துக்கும் (எவ்வளவு தாழ இறங்கலாம் என்பது) மிஸ்டு அப்ரோச் வரிகளுக்கும் (இறங்க முடியாவிட்டால் மீண்டும் ஏறும் வழி) போய்விடுங்கள். காற்று தூக்கினால் எங்கே ஒதுங்குவது என்று தெரியாமல் உங்கள் ஊரில் யாரும் படகை எடுப்பதில்லை அல்லவா?

மினிமாவில் உங்கள் விமானத்துக்கான பத்தியை மட்டும் படியுங்கள். ஓடுபாதை முனையைக் கடக்கும் வேகம் 91 நாட் (மணிக்கு 91 கடல் மைல்) என்ற அளவுக்குக் கீழ் என்றால் 'ஏ' பிரிவு. செஸ்னா 172 அதில்தான் வரும்.

இப்போது டி.ஏ. கிளைட் ஸ்லோப் (இறங்கு சரிவைக் காட்டும் ரேடியோ கற்றை) பிடித்து இறங்கும்போது அந்த உயரம் வந்ததும் முடிவெடுக்க வேண்டும். ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தெரியவில்லையா, அந்த நொடியே மேலே ஏறுங்கள். ஏறத் தொடங்கும்போது விமானம் கொஞ்சம் கீழே அமிழும். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் டி.ஏ. வகுத்திருக்கிறார்கள். எம்.டி.ஏ.வில் அந்தச் சலுகை கிடையாது. அது தரை மாதிரி. ஓடுபாதை தெரியும்வரை ஓர் அடிகூடக் கீழே போகக் கூடாது. அதனால்தான் படிகளாக இறங்காமல் ஒரே சரிவாக இறங்குகிறவர்களில் பலர், எம்.டி.ஏ.வோடு 50 அடி கூட்டி வைத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம், அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண். டி.ஏ. கடல்மட்டத்திலிருந்து அளப்பது, அடைப்புக்குறிக்குள் இருப்பது ஓடுபாதையிலிருந்து அளப்பது. கடலோரத்தில் இருந்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மதுரை விமான நிலையமோ ஏறக்குறைய 450 அடி மேட்டில் இருக்கிறது. ஆல்டிமீட்டரில் (உயரமானியில்) 650 என்றால் தரை 200 அடியில் நிற்கிறது.

இங்கேதான் கியூ.என்.எச். (ஆல்டிமீட்டரில் வைக்க வேண்டிய கடல்மட்டக் காற்றழுத்தம்) உயிரை வாங்கும். ஒரு ஹெக்டோபாஸ்கல் பிழை கிட்டத்தட்ட 28 அடி. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் வந்தால் அழுத்தம் மளமளவென்று இறங்கும். 1002 என்று விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்ல, நீங்கள் பழைய 1012-ஐ மாற்றாமல் விட்டால், காட்டும் உயரத்தைவிட 280 அடி தாழ்வாகப் பறக்கிறீர்கள். 200 அடி மினிமாவில் அதற்கு என்ன பொருள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

எம்.எஸ்.ஏ. (குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரம்) வட்டத்துக்கும் ஓர் உள்ளூர்க் கணக்கு. ராமேஸ்வரம் டி.வி. கோபுரத்தின் உயரம் 323 மீட்டர், சுமார் 1060 அடி. தடையிலிருந்து குறைந்தது 1000 அடி இடைவெளி வேண்டும். ஆக, அந்தக் கோபுரம் அமையும் பகுதியில் 2060 அடிக்குக் குறைவான எண்ணை நீங்கள் பார்க்கவே முடியாது.

பக்கவாட்டுப் படத்தில் 3 டிகிரி சரிவு இருந்தால், தரை வேகத்தை ஐந்தால் பெருக்குங்கள். 90 நாட் என்றால் நிமிடத்துக்கு 450 அடி இறக்கம். காற்று எதிரே அடித்தால் தரை வேகம் குறையும், இறக்கமும் குறைய வேண்டும்.

உச்சிப்புளி பருந்து தளம் பக்கத்தில்தான் என்றாலும் அது கடற்படையுடையது. மதுரை, தூத்துக்குடி சார்ட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள்; இந்திய விமான நிலைய ஆணையத்தின் ஏ.ஐ.பி.யில் (வான்வழித் தகவல் தொகுப்பில்) இலவசமாகக் கிடைக்கும். தினமும் ஒன்றை எடுத்து, மிஸ்டு அப்ரோச்சை மட்டும் வாய்விட்டு மூன்று முறை சொல்லுங்கள்: எந்தத் திசை, எந்த உயரம், எங்கே திரும்புவது. சீக்கிரமே ஏறத் தொடங்கினாலும், மிஸ்டு அப்ரோச் பாயின்ட் (மிஸ்டு அப்ரோச் தொடங்கும் புள்ளி) வரும்வரை திரும்பக் கூடாது. தேர்வில் பலர் தடுமாறும் இடம் இதுதான்.