தகரக் கராச்சுக்கு வெள்ளிச் சுருள் காணுமா?

கேள்வி: பருத்தித்துறையில் கடலுக்கு அரைக் கட்டை தூரத்தில் எங்கள் வீடு. வளவு மூலையில் அப்பா காலத்துக் கராச் தனியாக நிற்கிறது. கூரையும் சுவரும் தகரம். உள்ளே மோட்டார் சைக்கிள் திருத்தும் வேலை செய்கிறேன். பத்து மணிக்குப் பிறகு சூட்டில் நிற்க ஏலாது. மாரியில் இரண்டு இடத்தில் ஒழுக்கு. சுவரின் அடித்தகரம் கறள் பிடித்து உதிர்கிறது. குமிழ் வைத்த வெள்ளிச் சுருளைத் தகரத்தோடு ஒட்டினால் காணும் என்கிறது கடை. றெஜிபோம் (வெள்ளை நுரைத் தகடு) மலிவு என்கிறார் மேசன். எதை வாங்கலாம்?

பதில்: றெஜிபோமை மறந்துவிடுங்கள். பெற்றோல் பட்டால் கரையும், பொறி பட்டால் எரியும். உங்கள் தொழிலுக்கு அது பகை.

வெள்ளிச் சுருள் நல்ல சாமான்தான், ஆனால் கடைக்காரர் சொன்ன மாதிரி ஒட்டினால் காசு வீண். அதன் பளபளப்பு வெப்பக் கதிரைத் தடுக்க வேண்டுமானால், பளபளக்கும் பக்கத்துக்கு எதிரே காற்று இடைவெளி வேண்டும். தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் சூடு நேரே இறங்கிவிடும். கூரைச் சலாகைகளுக்குக் கீழ்ப்பக்கமாக இழுத்து அடியுங்கள், இடைவெளி தானாக வரும். ஒரு பக்கம் மட்டும் மினுங்கினால், அந்தப் பக்கம் கீழே பார்க்கட்டும். மேலே பார்த்தால் தூசி படிந்து பயன் குறையும். சுருள் மின்சாரம் கடத்தும், வயர் போகிற இடத்தில் ஆணி அடிக்க வேண்டாம். முகட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் சூடு வெளியேற வழி விட்டு வலை அடியுங்கள், இல்லாவிட்டால் அணில் குடியேறும். மேற்குச் சுவருக்கு ஒரு பாகல் பந்தல் போதும், கொடி தகரத்தில் முட்டாமல் இருந்தால் சரி. கூரை மேல் கிடுகு போடச் சொல்லுவார்கள். குளிர்மைதான், ஆனால் ஈரத்தைப் பிடித்துவைத்துக் கறளை வளர்க்கும்.

இதெல்லாம் ஒழுக்கு நின்ற பிறகு. பழைய ஆணி ஓட்டைகள் பெருத்திருக்கும். ஆணியைக் கழற்றி, றப்பர் வாசர் வைத்த, கொஞ்சம் பருமனான ஸ்குரூவைத் தகரத்தின் மேட்டில் போடுங்கள். சிலிக்கன் வாங்கும்போது வினாகிரி மணம் அடிக்கிற வகை வேண்டாம், அது தகரத்தின் நாகப்பூச்சை (துத்தநாகப் பூச்சை) அரிக்கும். ‘நியூட்றல்’ என்று கேளுங்கள்.

அடிச்சுவரில் உதிர்வதற்குப் பெயின்ற் அடிப்பது வீண்செலவு. ஒரு அடி உயரம் வெட்டியெடுத்து, கல் வைத்து அரைச்சுவர் எழுப்புங்கள். ஈரச் சீமெந்தும் நாகத்தைத் தின்னும், ஆகவே தகரம் தொடும் இடத்தில் தார்ப்பூச்சு அவசியம். வெட்டக் கத்தரி எடுங்கள். கிறைண்டர் சூட்டில் வெட்டுவிளிம்பின் பூச்சுக் கருகி, உப்புக்காற்றில் அங்கேதான் முதலில் கறள் பிடிக்கும்.

புதுத் தகரம் வாங்கினால் தடிப்பை மில்லிமீற்றரில் பில்லில் எழுதுவியுங்கள். தடிப்பைக் குறிக்கும் கேஜ் எண் கூடக் கூடத் தகரம் மெலிது. அந்த எண்ணிலேயே பலர் ஏமாறுகிறார்கள்.

கேள்வி: பில் தர மறுத்தால்?

பதில்: கேட்டால் தந்தேயாக வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அந்த அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். குறைபாடான சாமான் பற்றிய முறைப்பாட்டை, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆகவே தகரத்தைக் கோடையில் வாங்கி, மாரி வரும்வரை பார்த்திருக்காதீர்கள். பூட்டிய அன்றே வாளியால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.