ஜிங்க் ஆக்சைடு படலத்தைச் சூடாக்கினால் ஒளிர்வு ஏன் மாறுகிறது? கேள்வி பதில்

கேள்வி: சார், எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்காக ஜிங்க் அசிடேட் கரைசலில் சோல்-ஜெல் முறையில் (கரைசலை ஜெல்லாக்கிச் சூடாக்கும் முறை) ஜிங்க் ஆக்சைடு படலம் போட்டேன். 300 டிகிரியில் அனீல் செய்தது (சூடாக்கிப் பதப்படுத்தியது) லேசர் பட்டால் மங்கலாக ஒளிர்கிறது. 500 டிகிரியில் செய்தது புற ஊதாவில் பளிச்சென்று ஒளிர்கிறது. ஏன்?

பதில்: குறைந்த சூட்டில் அசிடேட் மிச்சம் முழுதாகப் போயிருக்காது, படிகமும் ஒழுங்காக அமைந்திருக்காது. லேசர் பட்டு எழும்பிய எலக்ட்ரான், தான் விட்டுவந்த காலி இடமான துளையோடு சேர்வதற்குள் ஏதாவதொரு படிகக் குறையில் மாட்டி ஆற்றலை வெப்பமாக இழந்துவிடும். சூடு கூடினால் அணுக்கள் நகர்ந்து தம் இடத்தில் அமர்கின்றன, படிக மணிகள் பெரிதாகின்றன, மணிகளுக்கு இடையிலான எல்லைகள் குறைகின்றன. அதனால் 380 நானோமீட்டர் அருகிலுள்ள புற ஊதா ஒளிர்வு வலுக்கிறது. எக்ஸ்ரே விளிம்பு விளைவில் 34.4 டிகிரி கோணத்தில் வரும் (002) படிகத் தளத்தின் உச்சியைப் பாருங்கள். அதுவும் கூர்மையாகியிருந்தால் காரணம் இதுதான்.

கேள்வி: அறை வெப்பநிலையிலேயே இவ்வளவு நன்றாக ஒளிர்வது எப்படி?

பதில்: இதில் எக்ஸைட்டானின் (எலக்ட்ரானும் துளையும் பிணைந்த ஜோடி) பிணைப்பாற்றல் 60 மில்லி எலக்ட்ரான் வோல்ட். அறையின் வெப்ப ஆற்றல் சுமார் 26 தான். ஜோடி எளிதில் பிரியாது.

கேள்வி: எனக்குப் பச்சை ஒளிர்வும் அகலமாக வருகிறது. ஆக்சிஜன் காலியிடம் (படிகத்தில் ஆக்சிஜன் அணு இல்லாத இடம்) காரணம் என்று தீசிஸில் எழுதிவிடலாமா, அண்ணா?

பதில்: அவசரப்படாதீர்கள், தம்பி. 500 முதல் 530 நானோமீட்டர் வரை வரும் இந்தப் பச்சைக்கு 1969-ல் டிங்கிள் என்ற ஆய்வாளர் செம்பு மாசைக் காரணம் காட்டினார். 1996-ல் வான்ஹூஸ்டன் குழு ஆக்சிஜன் காலியிடம் என்றது. துத்தநாகக் காலியிடம் என்பாரும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை. அனீல் செய்தபோது உலைக்குள் என்ன வாயு இருந்தது என்று முதலில் எழுதுங்கள். பல கட்டுரைகள் வெப்பநிலையை மட்டும் சொல்லி இதை விட்டுவிடுவது எனக்குப் பெரிய வருத்தம். வெற்றிடத்திலோ நைட்ரஜனிலோ சூடாக்கினால் படலம் ஆக்சிஜனை இழக்கும். ஆக்சிஜன் ஓட்டத்தில் செய்தால் சமநிலையே வேறு. ஒரே படலத்தைத் துண்டாக்கி, ஒரே வெப்பநிலையில் ஆக்சிஜனிலும் வெற்றிடத்திலும் செய்து பாருங்கள். ஆக்சிஜனில் பச்சை குறைந்து வெற்றிடத்தில் கூடினால், உங்கள் ஊகத்துக்கு ஓரளவு பிடி கிடைக்கும். அப்போதும் 'இருக்கக்கூடும்' என்றே எழுதுங்கள்.

கேள்வி: அப்படியானால் 900 டிகிரிக்குப் போனால் இன்னும் நன்றாகுமா?

பதில்: பெரும்பாலும் ஆகாது. ஓர் எல்லைக்குமேல் புற ஊதா சரிந்து, குறைகளின் ஒளி மேலோங்கும். அந்த எல்லை படலம் போட்ட முறையையும் வாயுவையும் பொறுத்தது. ஒருவர் கண்ட எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அடித்தளத்தையும் கவனியுங்கள்: சாதாரண ஸ்லைடு கண்ணாடி 550 டிகிரிக்கு மேல் வளையத் தொடங்கும், குவார்ட்ஸ் தாங்கும். சிலிக்கான் மேல் போட்டிருந்தால் இவ்வளவு சூட்டில் இடைமுகத்தில் ஜிங்க் சிலிகேட் உருவாகலாம். அப்புறம் நீங்கள் அளப்பது வெறும் ஜிங்க் ஆக்சைடை அல்ல.

கேள்வி: 325 நானோமீட்டர் ஹீலியம்-காட்மியம் லேசர் வைத்து எடுத்தேன். 650-ல் ஊசி போல ஓர் உச்சி வந்தது. புதுக் குறை ஏதாவதா, சார்?

பதில்: இல்லை. 325-இன் இரண்டு மடங்கு 650. ஒளியை நிறவாரியாகப் பிரிக்கும் கிரேட்டிங், லேசர் ஒளியையே இரு மடங்கு அலைநீளத்தில் மறுபடி காட்டுகிறது; கிரேட்டிங்கின் இரண்டாம் படி அது. சாம்பிளிலிருந்து ஒளி கிரேட்டிங்குக்குப் போகும் வழியில் லேசரைத் தடுக்கும் ஃபில்டர் வையுங்கள், போய்விடும். அதேபோல் 760 அருகே ஒன்று வந்தால், உங்கள் 380 உச்சியின் இரண்டாம் படியா என்று பாருங்கள்.

கேள்வி: வெவ்வேறு வெப்பநிலைப் படலங்களின் உச்சி உயரத்தை நேரடியாக ஒப்பிடலாமா?

பதில்: தடிமன், மேற்பரப்பின் கரடுமுரடு, லேசர் குவிந்த இடம் எல்லாமே உயரத்தை மாற்றும். புற ஊதாவுக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தை எடுங்கள், அதுவே நம்பகமானது. லேசர் திறனையும் ஒரே அளவில் வையுங்கள், ஏனென்றால் திறன் மாறினால் அந்த விகிதமும் மாறும். ஒவ்வொரு படலத்திலும் மூன்று நான்கு இடங்களில் எடுத்துச் சராசரி போடுங்கள்.